கல்கத்தா குமாஸ்தாவும் ‘கிவ் அப்’பும்

இந்த எபிசோட் ரெண்டே ரெண்டு சின்ன வார்த்தைகளைப் பத்தி. ‘கிவ்’, ‘அப்’. ஒண்ணு கொடுக்கிறது, இன்னொண்ணு மேலே. சேர்த்தா ‘மேலே கொடு’ன்னுதானே வரணும்? ஆனா சிகரெட்டை நிறுத்துறதும் ‘கிவ் அப்’, பஸ்ல வயசானவங்களுக்கு சீட்டைத் தர்றதும் ‘கிவ் அப்’, போலீஸ்கிட்ட சரணடையறதும் அதுதான், இனிமே நம்மால ஆகாதுன்னு கையை விரிக்கிறதும் அதுதான்.

இப்போ 19-ஆம் நூற்றாண்டு கல்கத்தாவுக்குப் போவோம். 1817-இல் அங்கே இந்து கல்லூரி தொடங்கியது. அதே வருஷம் பள்ளிப் பாடநூல்களை அச்சிட்டு விற்க ஒரு சங்கமும் வந்தது. 1835-இல் ஆங்கிலக் கல்விக்குத்தான் அரசுப் பணம் என்று முடிவானது. 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், அரசு வேலைக்கு ஆங்கிலம் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று அறிவித்தார். அதாவது, ஒரு வங்காளிப் பையனுக்கு இங்கிலீஷ் என்பது அதற்குப் பிறகு ஆசைக்குப் படிக்கிற விஷயம் இல்லை. வீட்டில் அடுப்பு எரியுமா எரியாதா என்கிற விஷயம்.

அந்தப் பையன் எதை வைத்துப் படித்தான்? பெரும்பாலும் புத்தகத்தை வைத்து. 1850-இல் பியாரி சரண் சர்க்கார் எழுதிய முதல் வாசிப்புப் புத்தகத்தில் தொடங்கி, மேலே போகப் போக மில்டன், ஷேக்ஸ்பியர். சின்ன சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது, கடிதங்களைப் பார்த்துப் பார்த்து நகல் எடுப்பது, இதெல்லாமும் உண்டு. டெரோசியோ மாதிரி ஓர் ஆசிரியரிடம் உட்கார்ந்து விவாதித்துப் படிக்கிற அதிர்ஷ்டம் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான்.

இங்கேதான் சிக்கல். ‘சரண்டர்’, ‘அபாண்டன்’, ‘ரெலின்க்விஷ்’ எல்லாம் பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த சொற்கள். ஒரு சொல், அகராதியில் ஓர் இடம், மனப்பாடம் பண்ணிடலாம். ‘கிவ் அப்’ அப்படி இல்லை. ‘கிவ்’வைத் தேடினா கொடு, ‘அப்’பைத் தேடினா மேலே. அர்த்தம் இரண்டுக்கும் நடுவுல எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. அது வாழ்ற இடம் பேச்சு. சமையலறை, விளையாட்டு மைதானம், கிளப். 1827-இல் தொடங்கிய பெங்கால் கிளப்பிலோ அந்தக் காலத்தில் இந்தியர்களுக்கு உறுப்பினர் இடம் கிடையாது!

இதன் கஷ்டம் ஆங்கிலேயர்களுக்குத் தெரியாமல் இல்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார்: வினையோடு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் வெளிநாட்டுக்காரர்களை மிக அதிகமாகத் தடுமாற வைக்கிறது என்று. அவர் தரும் உதாரணங்களில் ‘கிவ் ஓவர்’ இருக்கிறது. நிறுத்திவிடுவது என்று பொருள். இன்னிக்கு அந்த இடத்துல நாம ‘கிவ் அப்’தான் சொல்றோம். ஆக, பழைய புத்தகத்தை நம்பிப் படித்தவனுக்கு அதிலும் ஓர் அடி. ‘பிரேசல் வெர்ப்’ என்ற பெயரே 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய புத்தகத்தில்தான் பரவலாக அறிமுகமானது. கல்கத்தா பையனுக்குத் தன்னைத் தடுக்கி விழவைக்கிற கல்லுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது.

அதனால் அவன் தெரிந்த சொல்லை எழுதினான். பெரிய சொல்லை. சாதாரண லீவு லெட்டரிலும் காவிய வாசனை. அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ‘பாபு இங்கிலீஷ்’ என்று பெயர் வைத்தார்கள். 1891-இல் அந்த மாதிரி எழுத்துகளைத் தொகுத்து ஒரு புத்தகமே வந்தது. லண்டன் ‘பஞ்ச்’ பத்திரிகை, சட்டம் படிக்க வந்த ஜாபர்ஜி என்ற கற்பனை வங்காளியை வைத்துத் தொடர்கதை போட்டது, 1897-இல் அது நூலாகவும் வந்தது. அந்தக் கேலியில எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். மில்டனைப் பாடமா வெச்சதும் நீங்க, பேசுற இடத்துக் கதவைச் சாத்தினதும் நீங்க, அப்புறம் ‘இவன் மில்டன் மாதிரியே எழுதுறான்’னு சிரிக்கிறதும் நீங்களா?

சரி, வங்காளிக்கு இந்த மாதிரி வினை புதுசா என்ன? சுத்தமா இல்லை. வங்க மொழியில் ‘ச்சேடே தேவா’ என்று ஒன்று உண்டு. ‘ச்சேடே’ என்றால் விட்டு, ‘தேவா’ என்றால் கொடுப்பது. நம்ம ‘விட்டுக்கொடுப்பது’தான், அதே ரெண்டு வினை, அதே வரிசை! சீட்டைத் தருவதற்கும் அதுதான், சிகரெட்டை விடுவதற்கும் அதுதான். சரணடைவது ‘தொரா தேவா’, பிடிபடக் கொடுப்பது. அங்கேயும் ஒரு ‘கொடு’ இருக்கு பாருங்க. சொந்த மொழியிலிருந்து தொடங்கியிருந்தால், ஒரு மதியத்தில் பாதி தூரம் வந்திருக்கலாம்.

பாதிதான். ஏன்னா ரயில் கிளம்பிப் போச்சுன்னு சொல்லவும் வங்காளத்துல ‘ச்சேடே தேவா’தான். அதை அப்படியே ‘கிவ் அப்’னு மாத்தினா, ரயில் மனசு ஒடைஞ்சு உட்கார்ந்துடும். அதேபோல ஆங்கிலத்தில் உயிர் போவதை ‘கோஸ்ட்’டைக் ‘கிவ் அப்’ செய்வது என்பார்கள், பைபிள் மொழிபெயர்ப்பில் ஊறிய வழக்கு. அதுக்கு வங்காளத்துல வேற வழி தேடணும்.

கடைசியா, நம்பிக்கை இழப்பதற்கு அவங்க சொல்றது ‘ஹால் ச்சேடே தேவா’. ‘ஹால்’னா படகோட சுக்கான். ஊரெல்லாம் ஆறு ஓடுற நாட்டுல, நட்டாத்துல சுக்கானை விட்டுட்டான்னா, அவ்வளவுதான்.