பழவேற்காட்டுப் பாடும் செல்போன் சிக்னலிங்கும்

பழவேற்காடு என்றால் டச்சுக்காரர் கோட்டையும் பூநாரைகளும்தான் பலருக்கு ஞாபகம் வரும். இந்தக் கட்டுரை அங்குள்ள மீனவர்களின் செல்போனைப் பற்றியது.

பழவேற்காடு ஏரி தமிழ்நாடு, ஆந்திரா இரண்டிலும் பரந்து கிடக்கிறது. செல்போன் நிறுவனங்களுக்கு இவை தனித்தனி வட்டங்கள். படகு வடக்கே போனால் போன் ஆந்திர டவரைப் பிடிக்கும். உடனே "இந்த எண் இப்போது என்னிடம் இருக்கிறது" என்று அந்த நெட்வொர்க் சொந்த நெட்வொர்க்குக்குச் சொல்லும். நம் காதில் விழாத இந்தப் பேச்சுக்குத்தான் சிக்னலிங் என்று பெயர்.

முன்பு குரலும் சிக்னலும் ஒரே கம்பியில் போயின. அமெரிக்காவில் சிலர் 2600 ஹெர்ட்ஸ் விசில் ஊதியே இலவசமாகப் பேசினார்கள்! பிறகு இரண்டையும் பிரித்தார்கள். அப்படிப் பிரித்த முறைகளில் ஒன்றான எஸ்.எஸ்.7, 1980-ல் உலகத் தரமானது. அன்று உள்ளே இருந்தவை அரசுத் துறைகளும் சில பெரிய நிறுவனங்களும்தான். அதனால் "கேட்பது யார்?" என்று சரிபார்க்கும் வழியே அதில் வைக்கப்படவில்லை.

பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவரையொருவர் தெரிந்த ஊர்களில் அது நடக்கும். எஸ்.எஸ்.7-ம் அப்படிப்பட்ட ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் முகம் தெரியாதவர்கள் நுழைந்துவிட்டார்கள்.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ல் நடந்தது. அந்தக் காலத்தில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இந்த வலையில் சேர்ந்தன. 2014 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் டோபியாஸ் எங்கல், கார்ஸ்டன் நோல் இருவரும் இதன் வழியே ஒருவரின் இருப்பிடத்தை அறியலாம், பேச்சை ஒட்டுக்கேட்கலாம் என்று காட்டினார்கள். 2017-ல் ஜெர்மனியில் வங்கி எஸ்.எம்.எஸ். குறியீடுகளைத் திருப்பிவிட்டுப் பணத்தையே எடுத்தார்கள். இந்தியாவில் வேறு வடிவம்: வெளிநாட்டு அழைப்பு +91 எண் போல வந்தது. 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய தடுப்பு அமைப்பு முதல் 24 மணி நேரத்தில் பிடித்தவை சுமார் 1.35 கோடி அழைப்புகள்!

இங்கேதான் மெஷின் லேர்னிங் வருகிறது. பழவேற்காட்டில் இருந்த எண் பத்து நிமிடத்தில் ஐரோப்பாவில் இருப்பதாகச் செய்தி வந்தால் பொய் என்று சாதாரண விதியே சொல்லிவிடும். திருடன் நிதானமாக, நாளைக்கு ஒன்றிரண்டு செய்தி மட்டும் அனுப்பினால்? வழக்கமான போக்குவரத்தைக் கற்றுக்கொண்ட கணினிதான் அந்தச் சின்ன மாறுதலைக் கவனிக்கும்.

ஆனால் ஒரு சிக்கல். எல்லையில் மீன்பிடிப்பவரின் போன் ஒரே நாளில் பலமுறை வட்டம் மாறலாம். நகரத்துத் தரவை மட்டும் படித்த கணினிக்கு அதுவே சந்தேகமாகத் தோன்றும். புயல் எச்சரிக்கை வரவேண்டிய நேரத்தில் அவர் இணைப்பைத் தடுத்தால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயரா? மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வங்கிக்கு வரும் குடும்பத்துக்குத் திருடனும் ஆபத்து, தவறாகக் கற்ற காவலனும் ஆபத்து. ஆகவே கணினிக்குப் பாடம் சொல்லும்போது ஏரிக்கரைப் போன்களின் வழக்கத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.