கொல்கத்தாவின் நிலக்கரி வாயு

காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியைச் சுட்டால் வெளிவரும் வாயுக் கலவையே நிலக்கரி வாயு. அதில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். அடுத்த பெரும் பங்கு மீத்தேன். மிச்சத்தில் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜனும் வரும். நன்றாக எரியும், கசிந்து மூச்சில் ஏறினால் ஆளைக் கொல்லும். லண்டனின் பால் மால் தெருவில் 1807-இல் எரிந்த இந்த வாயு விளக்கு, அரை நூற்றாண்டு கழித்துக் கொல்கத்தாவுக்கு வந்தது.

ஓரியண்டல் கேஸ் கம்பெனி 1853 ஏப்ரலில் உருவானது. ராணிகஞ்ச் சுரங்கப் பகுதிக்கு ரயில் பாதை 1855-இல் திறந்ததும் கரி வந்து சேர்வது எளிதாயிற்று. நகரிலும் சுற்றுப்புறங்களிலும் குழாய் பதிக்கும் உரிமையை 1857-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம் கொடுத்தது. அந்த ஆண்டு ஜூலை 6 அன்று சௌரங்கியில் வாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி கொழுந்துவிட்டிருந்த நேரம் அது. மூன்று வாரம் முன்புதான் கிளர்ச்சிப் படை வருகிறதென்ற வதந்தியில் நகரத்து ஐரோப்பியர்கள் கோட்டைக்கும் கப்பல்களுக்கும் ஓடியிருந்தார்கள். அவர்களுடைய வீதிக்குத்தான் முதல் வெளிச்சம். அதே நகரின் ஜோராசாங்கோ பகுதியில் 1861-இல் பிறந்த ரவீந்திரநாத் தாகூர், தம் சிறுவயதில் ஊரில் வாயு விளக்கே இல்லை என்றும், வீட்டில் ஆமணக்கெண்ணெய் விளக்குதான் எரிந்தது என்றும் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஆண்டுக் கணக்குப்படி அது பிழை. ஆனால் அவர் வளர்ந்த பகுதிக்கு அதுதான் உண்மையாக இருந்திருக்க வேண்டும்.

வாயு ஆலையில் கரியை வாலைகளில் அடைத்து, வாயை மூடி, சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவார்கள். கிளம்பும் புகையைக் குளிர்வித்தால் தார் படியும். நீரில் அலசினால் அம்மோனியா பிரியும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடைச் சுண்ணாம்போ இரும்பு ஆக்சைடோ பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய வாயு, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த அண்டாவைப் போன்ற பெரிய இரும்புக் கலத்தில் சேரும். வாயு நிரம்ப நிரம்பக் கலம் மேலே எழும். ஒரு டன் கரிக்குச் சுமார் 300 கன மீட்டர் வாயு கிடைக்கும். வாலையில் எஞ்சும் கல்கரி அடுப்புக்கும் உலைக்கும் விலைபோகும். தார் சாலைக்குப் போகும், சாயத் தொழிலுக்கும் போகும். வீணாவது சொற்பம்.

தொடக்க கால விளக்குகள் வாயுவை அப்படியே மஞ்சள் சுடராக எரித்தவை, வெளிச்சம் சுமார்தான். கார்ல் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-இல் கண்டுபிடித்துப் பின்னர் மேம்படுத்திய மேண்டில் அதை மாற்றியது. பருத்தி வலையைத் தோரியம், சீரியம் உப்புக் கரைசலில் நனைத்து முதல்முறை எரித்தால் நூல் சாம்பலாகி, ஆக்சைடுக் கூடு மட்டும் நிற்கும். சூட்டில் அது வெண்ணிறமாய் ஒளிரும், தொட்டால் உதிரும். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் கையில் நொறுங்குவது இதன் வாரிசுதான். அந்தத் தோரியத்தைத் தேடிய உலகச் சந்தைக்கு நம் பக்கத்திலிருந்தே சரக்கு போயிற்று. ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் தோரியம் அடங்கிய மோனசைட் மணலைக் கண்டது மணவாளக்குறிச்சிக் கடற்கரையில். அன்று திருவிதாங்கூர், இன்று கன்னியாகுமரி மாவட்டம்.

ஆனால் அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. 1879-இல் கொல்கத்தாவில் மின்விளக்கு வேடிக்கை காட்டப்பட்டது. 1899 ஏப்ரலில் இமாம்பாக் சந்தில் மின் நிலையமே இயங்கத் தொடங்கியது. வாயு உடனே ஒழிந்துவிடவில்லை. தெருவைவிட்டு மெல்ல விலகி, உணவகச் சமையலறை, மருத்துவமனை, ஆய்வுக்கூடத்துப் புன்சன் அடுப்பு என்று உள்ளே போயிற்று.

ஓரியண்டல் கேஸ் கம்பெனிக்குப் பெரும் புகழ் கிடைத்தது நீதிமன்றத்தில். 1946-இல் அதன் பங்குகளில் 98 விழுக்காட்டை சூரஜ்மல் நாகர்மல் குழுமம் வாங்கியது. 1948 முதல் கல்கத்தா கேஸ் கம்பெனி அதை நிர்வகித்தது. மேற்கு வங்க அரசு 1960-இல் தனிச் சட்டம் இயற்றி நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுக்க முயன்றதும் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தொழில்கள் மத்திய அரசின் பொறுப்பாயிற்றே என்பது வாதம். அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 25-ஆவது இனமாக ‘வாயுவும் வாயு ஆலைகளும்’ தனியே இருப்பதால் மாநிலச் சட்டம் செல்லும் என்று 1962-இல் தீர்ப்பாயிற்று. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது.

பின்னாளில் துர்காப்பூர் கல்கரி உலைகளிலிருந்தும், 1990-இல் இயங்கத் தொடங்கிய டான்குனி நிலக்கரி வளாகத்திலிருந்தும் நகரத்துக்கு வாயு வந்தது. வழங்கியது 1987-இல் அமைந்த கிரேட்டர் கல்கத்தா கேஸ் சப்ளை கார்ப்பரேஷன். இந்த நிறுவனமும் மத்திய அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலும் கூட்டாக 2019-இல் தொடங்கிய பெங்கால் கேஸ் கம்பெனி கையாள்வது நிலக்கரி வாயு அல்ல, இயற்கை எரிவாயு. சட்டத்தின் கண்ணிலும் இரண்டும் வேறு. குஜராத்தின் எரிவாயுச் சட்டத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, 25-ஆவது இனம் ஆலையில் தயாரிக்கும் வாயுவுக்கே பொருந்தும், இயற்கை எரிவாயு மத்திய அரசைச் சேர்ந்தது என்று 2004-இல் கருத்துரைத்தது. 1962-இல் மேற்கு வங்கம் வென்ற உரிமை பழைய வாயுவோடு நின்றுவிட்டது.