நாலு டிகிரிக் கோடு

"ரெண்டு வாரமா கோடு நாலு டிகிரிக்குக் கீழ இறங்கவே இல்லப்பா. நீங்க பேசாம தூங்குங்க."

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி இரவில் அப்பாவிடம் இப்படிச் சொன்னேன். மறுநாள் காலை ஓடைக்கரை வெள்ளையாக இருந்தது. அதற்கடுத்த நாள் பழுப்பு. மூன்றாம் நாள் பார்த்தபோது, இளந்தேயிலை முழுவதும் யாரோ கொதிக்கிற வெந்நீரை ஊற்றிவிட்டுப் போனதுபோல் கருகிக் கிடந்தது.

எங்கள் வீடு ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே, கேத்திப் பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது. வீட்டிலிருந்து கீழே ஓடை வரைக்கும் ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஓடையை ஒட்டிய கால் ஏக்கரில் மட்டும் கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிவிட்டு, கடன் வாங்கிப் புதுசு நட்டிருந்தோம். அவற்றுக்கு அப்போது இரண்டு வயது. பனிக்காலத்தில் அப்பா நாலு மணிக்கே எழுந்து, டார்ச்சோடு இறங்கிப் போவார். புல்லைத் தொட்டுப் பார்ப்பார். கை விறைத்தால் மோட்டாரைப் போட்டு ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடுவார். வெயில் படுவதற்கு முன்னால் தண்ணீர் பனியைக் கழுவிவிட்டால் இலை பிழைத்துக்கொள்ளும். இது ஊரறிந்த வைத்தியம்.

அந்த வருடம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். விடியற்காலைக் குளிரில் வெளியே போகவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் வீட்டிலிருந்து சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவள். அப்பாவின் கைக்குப் பதிலாக ஒரு சென்சர் வைத்தால் போயிற்று என்று நினைத்தேன். மோட்டார் ரூம் சுவரில் ஓர் ஈஎஸ்பி32 போர்டு, அதில் ஒரு வெப்பநிலை சென்சர். வீட்டுக்குள் ராஸ்பெரி பையில் ஹோம் அசிஸ்டன்ட். பழைய டேப்லெட் ஒன்றைச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். அதில் நீலக்கோடு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. "ஈசிஜி மாதிரியே இருக்கு" என்றாள்.

*

செடி கருகிய பிறகுதான் அந்தக் கோடு எப்படி உருவாகிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். சென்சர் நிமிடத்துக்கு ஒருமுறை அளவு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனால் நான் போட்டிருந்த கிராஃப், அமைப்பு எதையும் மாற்றாமல் விட்டால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு புள்ளிதான் வைக்கும். அந்தப் புள்ளியும் அந்த இரண்டு மணி நேரத்தின் சராசரி.

அன்று நாலு மணி வரைக்கும் மேகமூட்டம். அதற்கப்புறம் வானம் சுத்தமாகத் திறந்துகொண்டது. ஆறரைக்கு 0.8 டிகிரி. வெயில் வந்ததும் கிடுகிடுவென ஏறி எட்டு மணிக்கு 9. ஆறிலிருந்து எட்டு வரைக்குமான சராசரியோ நாலுக்குக் கொஞ்சம் மேலே! செடி செத்த அந்த அரைமணி நேரம் டேட்டாபேஸில் பத்திரமாக இருந்தது. கோட்டில் மட்டும் இல்லை. முந்தைய நாட்களையும் நோண்டினேன். பாதி நாட்களில் விடியலில் இரண்டு டிகிரி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. சென்சர் பொய் சொல்லவில்லை. சராசரியும் கணக்குப்படி சரிதான். தப்பான கேள்விக்குச் சரியான பதிலைச் சுவரில் மாட்டி வைத்திருந்தவள் நான்தான்.

இந்த மலையில் சராசரிக்கு இவ்வளவு மரியாதை எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

*

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மேலே முதன்முதலில் ஏறியது 1819இல். 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். கம்பெனிக்கு இந்த மலை முதலில் ஓர் ஆரோக்கிய நிலையம். சமவெளியில் காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் சிப்பாய்களும் கப்பலேறிச் சொந்த ஊர் போகாமல் இங்கேயே தேறிக்கொள்ளலாம் என்பது கணக்கு. 1834இல் ராபர்ட் பெய்க்கி என்ற டாக்டர் நீலகிரியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நோயாளிக்கு இந்த இடம் ஒத்துக்கொள்ளுமா என்பது அன்றைய பெரிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, 'பொதுவாக இங்கே எவ்வளவு குளிர்' என்ற ஒற்றை எண் போதும்.

அந்த எண்ணுக்கு உலக அளவிலும் அப்போது மவுசு. 1817இல் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட், ஒரே சராசரி வெப்பநிலை உள்ள இடங்களை ஒரு கோட்டால் இணைத்துக் காட்டினார். இன்று டிவி வானிலை அறிக்கையில் பார்க்கும் சமவெப்பக் கோடுகளின் தொடக்கம் அது. அற்புதமான யோசனைதான். ஊட்டியின் ஆண்டு சராசரி 14 டிகிரியை ஒட்டி வரும். அதை மட்டும் பார்த்தால் தென் ஐரோப்பிய ஊர் சிலவற்றோடு ஊட்டியையும் ஒரே நூலில் கோத்துவிடலாம். ஆனால் இங்கே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜனவரியில் பகலுக்கும் இரவுக்கும் இடையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மதியம் 20 டிகிரி வெயிலில் சட்டை வேர்க்கும். அதே இடத்தில் விடியலில் புல் உறைந்திருக்கும். இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைப்பது இதமான ஓர் எண். அதை அனுபவித்த புல் ஒன்றுகூட இருக்காது.

1847-48இல் தொட்டபெட்டா உச்சியில் ஒரு வானிலை பங்களா இயங்கியது. சென்னை வான்நோக்கு நிலையத்தின் டி.ஜி. டெய்லர் மேற்பார்வையில் எடுத்த அளவுகளைப் புத்தகமாகவே அச்சிட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 8640 அடி என்று அதன் தலைப்பே சொல்கிறது. அட்டவணை அட்டவணையாக எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் யாரோ ஒருவர் குளிரில் வெளியே வந்து, தெர்மாமீட்டருக்கு நேராகக் கண்ணை வைத்துப் படித்திருக்க வேண்டும். அப்பா டார்ச்சோடு இறங்குவதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்த பங்களா மலை உச்சியில் இருந்தது. தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் வழிந்து இறங்குகிறது. அப்பா இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "குளிரும் தண்ணி மாதிரிதான், பள்ளத்தப் பாத்துதான் ஓடும்." அதனால்தான் உறைபனி விழுகிற ராத்திரியில் உச்சியைவிடப் பள்ளத்தாக்கின் அடி அதிகமாகக் குளிர்ந்துபோகலாம். எட்டாயிரத்து அறுநூறு அடியில் எவ்வளவு கவனமாக அளந்தாலும் எங்கள் ஓடைக்கரை அதில் தெரியாது.

*

நோயாளிக்குச் சராசரி போதும். செடிக்குப் போதாது. 1860களில் கொய்னா தயாரிக்க சிங்கோனா மரங்களை இங்கே கொண்டுவந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார்கள். சிங்கோனாவுக்கும் உறைபனி ஆகாது. வருடம் முழுக்க இதமாக இருந்து ஒரே ஒரு ராத்திரி உறைந்தாலும் கன்றுக்குக் கதை முடிந்தது. செடி வைப்பவனின் கேள்வி எப்போதுமே 'எவ்வளவு கீழே போச்சு' என்பதுதான்.

அந்தக் கேள்விக்கென்றே ஒரு கருவி அதற்கும் முன்பே இருந்தது. இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் சிக்ஸ் 1782இல் விவரித்த தெர்மாமீட்டர். 'ப' எழுத்து மாதிரி வளைந்த குழாயில் பாதரசம். அதன் இரு முனைகளிலும் ஊசிபோல் குட்டி இரும்புத் துண்டுகள். குளிரக் குளிரப் பாதரசம் ஒரு துண்டைத் தள்ளிக்கொண்டே போகும். திரும்பி வரும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வரும். இரவில் யாரும் விழித்திருக்க வேண்டாம். காலையில் போய்த் துண்டு நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, காந்தத்தால் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டால் போதும். சராசரியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கடைசி எல்லை மட்டும் ஞாபகம் இருக்கும்.

ஒரு நூறு வருடம் கழித்து, 1880களில், பாரிசின் ரிஷார் நிறுவனம் செய்த தெர்மோகிராஃப் புழக்கத்துக்கு வந்தது. வாரத்துக்கு ஒருமுறை சுற்றும் உருளையில் தாள், அதன்மேல் மை தோய்ந்த பேனா முள். இன்றைய டாஷ்போர்டு கிராஃபின் நேரடித் தாத்தா அதுதான். ஆனால் தாத்தா எதையும் கூட்டி வகுக்கவில்லை. அரைமணி நேரம் குளிர்ந்தால் அந்தப் பள்ளம் தாளில் அப்படியே விழும்.

*

என் திருத்தங்கள் எல்லாம் இந்தப் பழைய கருவிகளிடம் படித்துக்கொண்டவைதான். கிராஃபில் சராசரியை எடுத்துவிட்டு, குறைந்தபட்ச அளவைக் காட்டச் சொன்னேன். அது சிக்ஸ். மணிக்குப் பன்னிரண்டு புள்ளிகள், அதாவது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. அது ரிஷார். அளவுகோலின் அடியை நிரந்தரமாகப் பூச்சியத்துக்குக் கீழே நிறுத்தினேன். தானாகவே அளவை மாற்றிக்கொள்ளும் கிராஃபில் இரண்டு டிகிரி இறக்கமும் பத்து டிகிரி இறக்கமும் பார்வைக்கு ஒரே உயரமாகத் தெரியும். நாலு டிகிரியில் ஒரு சிவப்புக் கோடு.

ஆனால் முக்கியமான திருத்தத்தைச் சொன்னவர் அப்பாதான். புது கிராஃபைக் காட்டியபோது கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது சொவத்தோட குளிரா, புல்லோட குளிரா?"

வானிலை நிலையங்கள் காற்றின் வெப்பநிலையை நாலடி உயரத்தில், வெள்ளைப் பெட்டிக்குள் அளக்கின்றன. புல் மட்டத்தின் குறைந்தபட்சம் அவர்களுக்குத் தனிக் கணக்கு. பெட்டிக்குள் மூன்று நான்கு டிகிரி இருக்கும்போதே புல்லில் பனி உறையலாம். என் சென்சரோ பகல் வெயிலைக் குடித்து வைத்திருந்த கல் சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டாவது சென்சர் ஒன்று ஓடைக்கரையில், இரண்டு குச்சிகளுக்கு நடுவே, புல்லின் மேல் இருக்கிறது. அதன் கோடு சுவர்க் கோட்டுக்குக் கீழேயேதான் ஓடுகிறது. அது சிவப்பைத் தொட்டால் என் போன் அலறும். நான் இறங்கிப் போவேன்.

இன்னொன்றும் இருந்தது. ஹோம் அசிஸ்டன்ட், நாமாக மாற்றாவிட்டால், விவரமான வரலாற்றைப் பத்து நாள்தான் வைத்திருக்கும். அதன்பின் மணிக்கணக்கான சுருக்கம் மட்டும் மிஞ்சும். தொட்டபெட்டா எண்கள் நூற்றெழுபது வருடங்களைத் தாண்டி நிற்கின்றன. செடி கருகிய அந்தக் காலையின் நிமிடக் கணக்கோ நான் காப்பி எடுக்காததால் பதினோராம் நாள் அழிந்துபோனது. இப்போது பனிக்கால மாதங்களின் எல்லா அளவுகளையும் தனியாகச் சேமிக்கிறேன்.

இதைச் சொன்னதும் அப்பா பரணிலிருந்து ஒரு சுருளை இறக்கச் சொன்னார். மாசக் காலண்டர்த் தாள்கள், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் மட்டும். உறைபனி விழுந்த தேதிகளில் பேனாவால் சுழித்திருந்தார். டிகிரி இல்லை, மணி இல்லை. வட்டம் இருந்தால் அன்று புல் வெள்ளை. பத்தொன்பது வருடத்துப் பனி அதில் இருந்தது. ஓர் இரவைப் பற்றி அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அதைக் குறிக்க அவரே இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

அந்த ஜனவரித் தாளும் இருந்தது. செடி கருகிய தேதியில் வட்டம் இல்லை. அன்று அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பேனாவை வாங்கி அந்த ஒரு வட்டத்தை மட்டும் நான் போட்டேன்.