கேமை விற்ற பிறகு தொடங்கும் வியாபாரம்

கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடைகளின் போட்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கமிஷன் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையிலும் 30 ரூபாயைக் கடை பிடித்துக்கொண்டால், தயாரித்தவர் வேறு கடை தேடத்தானே செய்வார்? விளக்கம் பொய்யல்ல, ஆனால் அரைகுறை. இந்தக் கடைகளின் வரலாற்றை ஆண்டுவாரியாகப் பார்த்தால் சண்டையின் வேர் வேறு இடத்தில் இருப்பது தெரியும்: கேமை வாங்கிப் போனவரிடம் மறுபடியும் விற்கும் உரிமை யாருக்கு?

2003இல் வால்வ் நிறுவனம் ஸ்டீமைத் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம் இல்லை. 2004இல் 'ஹாஃப் லைஃப் 2' வட்டைக் கடையில் வாங்கியவர்கூட ஸ்டீமில் கணக்குத் திறந்தாக வேண்டியிருந்தது, முணுமுணுத்துக்கொண்டே திறந்தார்கள். 2006 ஏப்ரலில் பெதஸ்டா 'ஆப்லிவியன்' கேமில் வரும் குதிரைக்கு ஒரு கவசம் செய்து இரண்டரை டாலருக்கு விற்றது. ஊரே சிரித்தது, கவசமும் விற்றது. டிஎல்சி எனப்படும் கூடுதல் பகுதிகளின் மதிப்பை மைக்ரோசாஃப்ட் சீக்கிரமே புரிந்துகொண்டது. 'ஜிடிஏ 4' 2008இல் எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 இரண்டிலும் ஒரே நாளில் வந்தது. ஆனால் அதன் இரண்டு கூடுதல் கதைகளை எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் என வாங்கிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. 2009இல் எக்ஸ்பாக்ஸில் வந்த அந்தக் கதைகள் மற்றவர்களுக்கு 2010 ஏப்ரலில்தான் கிடைத்தன. மூல கேம் எல்லாருக்கும் பொது, பின்னால் வருவது மட்டும் தனியுரிமை என்ற இந்த ஏற்பாடு பின்னாளில் பல ஒப்பந்தங்களில் திரும்பத் திரும்ப வந்தது.

கணினிப் பக்கம் உடைப்பு 2011 ஜூனில் நிகழ்ந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் சொந்தக் கடையான ஆரிஜினைத் திறந்த அதே மாதத்தில் 'கிரைசிஸ் 2' ஸ்டீமிலிருந்து மறைந்தது. ஸ்டீம் கொண்டுவந்த புதிய விற்பனை நிபந்தனைகளே காரணம் என்றது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். வாடிக்கையாளரோடு நேரடித் தொடர்பு வைத்து, கூடுதல் பகுதிகளைத் தானே விற்கும் வழியை அது விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 3' அப்போது ஸ்டீமுக்கு வரவில்லை. 'கிரைசிஸ் 2' மட்டும் 2012இல் திரும்பியது, கூடுதல் பகுதிகள் அனைத்தையும் உள்ளடக்கிய பதிப்பாக. தனியாக விற்க எதுவும் மிஞ்சாதபோது சண்டை போடவும் எதுவும் மிஞ்சவில்லை.

எபிக் கடையின் கதை இதை மறுக்கிறதே என்று கேட்கலாம். 2018 டிசம்பரில் 12 சதவீதக் கமிஷனோடு வந்தது அது. அதற்குச் சில நாள் முன்பு வால்வும் பெருவிற்பனை கேம்களுக்கு மட்டும் 25, 20 சதவீதம் எனத் தன் பங்கைக் குறைத்தது. கமிஷன் போட்டிக்குப் பலன் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சிறு தயாரிப்பாளருக்கு மட்டும் வால்வின் குறைப்பு எட்டவில்லை. ஆனால் எபிக் எதை விட்டுக்கொடுத்தது, எதைக் கையில் வைத்துக்கொண்டது என்று பாருங்கள். பணம் கொடுத்துப் பிடித்த 'மெட்ரோ எக்ஸோடஸ்' ஓராண்டிலும், 'பார்டர்லாண்ட்ஸ் 3' ஆறே மாதத்திலும் ஸ்டீமுக்குப் போயின. உள்ளேயே பொருள் விற்கும் எபிக்கின் சொந்த 'ஃபோர்ட்நைட்' போகவில்லை. தயாரித்த நிறுவனத்தையே எபிக் வாங்கிய பிறகு, 'ராக்கெட் லீக்' 2020இல் இலவச கேமாக மாறியபோது, புதியவர்களுக்கு ஸ்டீமில் கிடைக்காமல் போனது.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2019இல் ஸ்டீமுக்கே திரும்பியது உண்மைதான். தோல்வி என்றார்கள். பங்கை இழந்தது, ஆளை இழக்கவில்லை: அதன் கேம்களை ஸ்டீமில் வாங்கினாலும் அந்நிறுவனத்தின் சொந்தச் செயலியும் கணக்கும் வழக்கமாகத் தேவைப்பட்டன. போட்டியால் வாங்குபவருக்கு லாபம்தானே, எபிக் வாரந்தோறும் இலவச கேம் தருகிறதே என்பாரும் உண்டு. தருகிறது. ஆனால் ஒரு கடையில் வாங்கிய கூடுதல் பகுதி இன்னொரு கடையில் பெற்ற கேமோடு பொதுவாகச் சேராது. எனவே இலவசமாக எடுக்கும் முன், அதன் டிஎல்சி எந்தக் கடையில் என்ன விலைக்கு இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.