ஹவானா சுருட்டும் முதிர வைக்கும் வழக்கமும்

ஹவானா சுருட்டைப் பெட்டியோடு வாங்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பிடிக்கும் பழக்கத்தைப் பெரிதும் வளர்த்தவர்கள் கியூபர்கள் அல்ல, லண்டன் வணிகர்கள். கியூபப் புகையிலை மீதிருந்த அரச ஏகபோகத்தை ஸ்பெயின் மன்னர் ஏழாம் பெர்டினாண்டு 1817இல் நீக்கியபின் ஹவானாவில் சுருட்டு ஆலைகள் பெருகின. 1844இல் உப்மன், 1845இல் பார்தகாஸ் என இன்றும் விற்பனையாகும் பெயர்கள் அப்போது பிறந்தவை.

கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்து இலைக்குத்தான் மதிப்பு அதிகம். பறித்த இலையைக் கொட்டகையில் கோத்துத் தொங்கவிட்டுச் சுமார் 50 நாள் உலர்த்துவார்கள். பிறகு போராக அடுக்கினால் இலை தானே சூடேறிப் புளிக்கும். அம்மோனியா வெளியேறும், காரம் தணியும். அதன்பின் பொதிகளாகக் கட்டிக் கிடங்கில் போடுவார்கள். காரமான இலை அங்கே ஈராண்டாவது கிடக்கும். ஆனால் சுருட்டுவதற்காக இலையை மறுபடி ஈரப்படுத்தியாக வேண்டும். அந்த ஈரத்தால் புதுச் சுருட்டில் மீண்டும் அம்மோனியா நெடி எழும். லண்டன் கடைகள் அச்சுருட்டைச் சிடார் மர அறைகளில் ஆறவிட்டு விற்றன. சிடார் என்றாலும் இது தேவதாரு இனமன்று, வேம்பின் குடும்பம்.

சுருட்டை வைக்கும் அறையில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். வெப்பம் 18 டிகிரியை ஒட்டி நின்றால் நல்லது. சூடு கூடினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டைகள் பொரித்து, ஊசித் துளைகள் விழுந்து, பெட்டி முழுக்கப் பொடியாகும். வாடிக்கையாளரின் சுருட்டைக் கடைகளே இப்படிக் காத்துவைத்தன. 1941இல் குண்டுவீச்சில் லண்டனின் டன்ஹில் சுருட்டுக் கடை சிதைந்தபோது, அங்கிருந்து பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கு முதலில் போன செய்தியே அவருடைய சுருட்டுகள் பத்திரம் என்பதுதானாம்.

நெடி தணிக்கச் செய்த காரியம் பணம் பண்ணும் வழியானது 1962க்குப் பிறகு. கியூபா மீதான தடையில் கையெழுத்திடுமுன் அமெரிக்க அதிபர் கென்னடி தம் பத்திரிகைச் செயலாளர் சாலிஞ்சரை அனுப்பி 1,200 சிறு உப்மன் சுருட்டுகளை வாங்கச் செய்தார். சாலிஞ்சரே பின்னாளில் இதை எழுதினார். தடைக்கு முந்தைய சரக்கு அமெரிக்காவில் அரும்பொருளாயிற்று. 1990களின் சுருட்டு மோகம் ஏலக்கூடங்களையும் இழுத்துவந்தது. 2022இல் கோஹிபா, டிரினிடாட் வகைச் சுருட்டுகளின் விலைகளை ஹாங்காங் அளவுக்கு, கியூபச் சுருட்டை விற்கும் ஹபானோஸ் நிறுவனம் உயர்த்தியதும் பல நாடுகளில் அவை இரு மடங்கைத் தாண்டின.

அந்த விலைக்கு ருசி ஈடு கொடுக்கிறதா என்பது இலையைப் பொறுத்தது. முதிர்ச்சி காரத்தைத் தணிக்கும். இல்லாத மணத்தைக் கொண்டுவராது. காரமான பார்தகாஸ் ஐந்தாறு ஆண்டில் கனியும். மென்மையான சுருட்டோ அதே காலத்தில் மணமிழந்து சப்பென்றாகும். மிச்ச விலை பெரும்பாலும் தட்டுப்பாட்டுக்குத்தான். இப்போது ஆலையே மூன்றாண்டு முதிர்ந்த இலையில் ‘ரெசர்வா’வும் ஐந்தாண்டு முதிர்ந்ததில் ‘கிரான் ரெசர்வா’வும் செய்து, காத்திருந்த காலத்தையும் விலையில் சேர்த்துவிடுகிறது. பழஞ்சரக்கு வாங்குவோர் முதலில் பெட்டியைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள்: 1985 முதல் அடிப்பலகையில் ஆலையும் தேதியும் குறியீடாகவும், 2000 முதல் மாதமும் ஆண்டும் வெளிப்படையாகவும் முத்திரையிடப்பட்டிருக்கும்.