பால் குறைவா? கை குறைவா? – இரட்டைப் பிள்ளைகளும் தாய்ப்பாலும்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில கொஞ்ச தூரம் போனா திருமழிசை. 2020 மே மாசம், கொரோனா நேரத்துல, கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை சில மாசத்துக்கு இங்கே மாத்தினாங்க. அப்பதான் பல பேருக்கு இந்த ஊர் பேரே தெரிஞ்சது. ஆனா வைணவர்களுக்கு இது பல நூற்றாண்டா தெரிஞ்ச பேர். திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர். அவரோட கதையை சமீபத்துல திரும்பப் படிச்சப்போ ஒண்ணு உறைச்சது. அதோட முதல் பாதி முழுக்க ஒரு பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுற கதை!

குருபரம்பரைக் கதைகள் சொல்றது இதுதான். பார்க்கவ முனிவருக்குப் பிறந்த பிள்ளை கை, கால் இல்லாத வெறும் பிண்டமா இருந்தது. பெத்தவங்க அதைப் பிரம்புப் புதர்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. பெருமாள் அருளால அது குழந்தையா உருவெடுத்து அழ ஆரம்பிச்சது. பிரம்பு வெட்ட வந்த திருவாளன் எடுத்துட்டுப் போய் மனைவி பங்கயச்செல்வி கையில கொடுத்தார். பிள்ளையில்லாத அந்தம்மா மார்போட அணைச்சுப் பால் கொடுக்கப் பார்த்தாங்க. குழந்தை குடிக்கலை. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. கடைசியில வயசான ஒரு வேளாளத் தம்பதி பால் காய்ச்சி எடுத்துட்டு வந்தாங்க. அதைக் குடிச்சது. மிச்சப் பாலைக் குடிச்ச அந்தத் தம்பதிக்குப் பிறந்தவர்தான் கணிகண்ணன், ஆழ்வாரின் சீடர்.

பக்தியை ஒரு பக்கம் வெச்சுட்டு எண்ணிக்கையை மட்டும் பாருங்க. ஒரே ஒரு குழந்தை பிழைக்க நாலு பெரியவங்க! பெத்தவங்க கணக்குல வரவே இல்லை. அப்ப ஒரே பிரசவத்துல ரெண்டு பிறந்தா?

இது ஏதோ எங்கேயோ நடக்கிற விஷயம் இல்லை. 1980களுக்கு அப்புறம் உலகம் முழுக்க இரட்டைப் பிரசவங்களோட விகிதம் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கூடியிருக்கு. தாமதமான கல்யாணம், கருத்தரிப்பு சிகிச்சை ரெண்டும் முக்கியக் காரணம். ஆனா இரட்டைப் பிள்ளை பெத்த பச்சை உடம்புக்காரி காதுல ரெண்டாம் நாளே விழுகிற வசனம் மட்டும் மாறலை: "ரெண்டு உசுருக்கு உன் ஒருத்தி பால் எப்படிம்மா பத்தும்?"

இந்த வசனம் எங்கேர்ந்து வந்தது? அதைத் தோண்டினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :)

தொட்டியா, கிணறா?

நாம தாயோட மார்பை ஒரு சின்டெக்ஸ் தொட்டி மாதிரி நினைக்கிறோம். ஆயிரம் லிட்டர் இருக்கு, ரெண்டு வீட்டுக்குப் பிரிச்சா ஆளுக்கு ஐநூறுதான். உண்மையில அது தொட்டி இல்லை, கிணறு. இறைத்த கிணறு ஊறும்னு நம்ம பாட்டிங்க சொன்னதுதான் உடலியலும் சொல்லுது.

முதல்ல வர்றது சீம்பால். அளவு ரொம்பக் கொஞ்சம். முதல் நாள் குழந்தையோட வயிறும் அவ்வளவுதான் தாங்கும், ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் போதும். ரெண்டு மூணு நாள்ல நஞ்சுக்கொடி போன பிறகான ஹார்மோன் மாற்றத்தால பால் இறங்குது. அதுக்கப்புறம் கட்டுப்பாடு குழந்தை கையில. குழந்தை சப்பினா மூளையிலேர்ந்து புரோலாக்டின், ஆக்சிடோசின் ரெண்டும் வருது. ஒண்ணு பாலை உண்டாக்குது, இன்னொண்ணு பாலை வெளியே தள்ளுது. குடிக்காம பால் கட்டிக்கிட்டா, "போதும், நிறுத்து"ன்னு அந்த மார்பே உற்பத்தியைக் குறைச்சுக்குது. அதுவும் இடது தனிக்கணக்கு, வலது தனிக்கணக்கு.

1986-ல மேற்கு ஆஸ்திரேலியாவுல இரட்டைப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த எட்டுத் தாய்மாரை ஆராய்ஞ்சாங்க. குழந்தையை முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு ஒரு நாளைக்கு எவ்வளவு பால்னு அளந்தாங்க. ஆறாம் மாசத்துல, தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவங்களுக்கு ஒரு நாள் சுரப்பு சுமார் 840 கிராம்லேர்ந்து ரெண்டு கிலோவுக்கு மேல வரைக்கும் போச்சு. அதே ஆய்வுல மூணு பிள்ளை பெத்த ஒரு தாய்க்கு மூணு கிலோ! ஒத்தைப் பிள்ளைக்குச் சராசரி முக்கால் கிலோ சொச்சம்தான்.

பெறாத பங்கயச்செல்வி பால் கொடுக்கப் பார்த்தது கூட வெறும் கதை இல்லை. தத்தெடுத்த தாய்மார், குழந்தையைத் தொடர்ந்து சப்ப வெச்சு ஓரளவு பால் சுரக்க வைக்கிறது மருத்துவத்துல தெரிஞ்ச விஷயம்.

நம்ம பழைய ஆட்களுக்கும் இது தெரியும். சரகர் பால் கொடுக்கிற தாதியை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு ஒரு பட்டியலே போட்டிருக்கார். அதுல ஒண்ணு, அவளோட சொந்தக் குழந்தை உயிரோட இருக்கணும். அதாவது தாதின்னாலே ரெண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடியவன்னுதான் அவர் எடுத்துக்கிட்டார். (தாதியோட சொந்தப் பிள்ளைக்கு உண்மையில எவ்வளவு மிஞ்சினதுங்கறது வேற சோகம். 1886-ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, பால் கொடுக்கிற தாதிக்கு மெட்ராஸ்லயும் பம்பாய்லயும் 'ஆமா'ன்னு பேர், போர்த்துகீசியச் சொல்னு பதிவு பண்ணியிருக்கு. வெள்ளைக்காரத் தொட்டில்ல பால் குடிச்ச பிள்ளைகள் நினைவுக் குறிப்பு எழுதினாங்க. ஆமாவோட பிள்ளைகள் எழுதலை.)

கடிகாரமும் டப்பாவும்

சரி, அப்புறம் எப்படி "பத்தாது" வந்தது? ரெண்டு பேர் சேர்ந்து கொண்டு வந்தாங்க. ஒண்ணு கடிகாரம், இன்னொண்ணு டப்பா.

டப்பா முதல்ல வந்தது. 1860கள்ல ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் குழந்தை உணவு ஒண்ணு தயாரிச்சார். 1867-ல சுவிட்சர்லாந்துல ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் கலந்த தன்னோட தயாரிப்பை வித்தார். அது வேற வழியே இல்லாத குழந்தைகளைக் காப்பாத்தவும் செஞ்சது, மறுக்க முடியாது. வழியிருந்தவங்களுக்கும் அதையே வித்தப்போதான் சிக்கல்.

கடிகாரம் நியூசிலாந்துலேர்ந்து வந்தது. 1907-ல பிளங்கெட் சங்கத்தை ஆரம்பிச்ச டாக்டர் ட்ரூபி கிங், குழந்தைக்கு நாலு மணிக்கு ஒரு தடவை பால், ராத்திரி கிடையாதுன்னு சொன்னார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்கப் பரவின பாடம் இது. ஆஸ்பத்திரிகளும் குழந்தையைத் தாய்கிட்டேர்ந்து பிரிச்சுத் தனி அறையில வெச்சு, மணி அடிச்சா கொண்டு வந்து காட்டின. கிணத்தை நாலு மணிக்கு ஒரு வாளி மட்டும் இறைச்சா?

நான் பொட்டி தட்டுறவன், எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். இது ஒரு இன்ஃபினிட் லூப். "பால் பத்தாது" – ஒரு புட்டி கொடு – குழந்தை வயிறு ரொம்பிடுச்சு, மார்புல சப்பலை – பால் குறையுது – "பாத்தியா, நான் சொன்னேன்ல, பத்தலை!" – இன்னொரு புட்டி. சொன்ன வாக்கு தன்னைத்தானே பலிக்க வெச்சுக்குது. இரட்டைப் பிள்ளைன்னா இந்த லூப்புக்குள்ள ரெண்டு மடங்கு வேகமா விழலாம்.

நம்ம ஊர்லயும் டப்பா வந்தது. 1950கள்ல மைசூர் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் எருமைப் பால்லேர்ந்து குழந்தை உணவு செய்யிற முறையைக் கண்டுபிடிச்சது, அமுல் அதை எடுத்துச் செஞ்சது. வெளிநாட்டு டப்பாவுக்குப் பதிலா உள்நாட்டுத் தயாரிப்புங்கற அளவுல பெரிய சாதனைதான். ஆனா கொழுகொழு குழந்தைக்கு "அமுல் பேபி"ன்னே தமிழ்ல பேர் வந்துடுச்சு பாருங்க! ஒல்லியா, ரெண்டு கிலோ எடையில பிறக்கிற இரட்டைப் பிள்ளைகளை அந்த அமுல் பேபியோட ஒப்பிட்டா எந்தத் தாய்க்கும் தன் பால் மேல சந்தேகம்தான் வரும்.

எதிர்ப்பும் அதே காலத்துலயே இருந்தது. 1939-ல டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்துல, பாலும் கொலையும்னு தலைப்பு வெச்சே பேசினார். தவறான டப்பாப் பால் பிரச்சாரத்தால சாகிற குழந்தைகளைக் கொலைக் கணக்குல வைக்கணும்னார். சுத்தமில்லாத தண்ணி, காசு போதாம நீர்க்கக் கரைச்ச மாவு, வயித்துப்போக்கு. 1977-ல நெஸ்லேவுக்கு எதிரா புறக்கணிப்பு ஆரம்பிச்சது. 1981-ல உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்று உணவு விற்பனைக்கான நெறிமுறையைக் கொண்டு வந்தது. ஆதரவு 118 நாடு, எதிர்ப்பு ஒரே ஒரு நாடு, அமெரிக்கா.

இந்தியா அதை 1992-ல சட்டமாவே போட்டது, 2003-ல இன்னும் இறுக்கிச்சு. டப்பாப் பாலுக்கு விளம்பரம் கிடையாது, இலவச சாம்பிள் கிடையாது, டப்பா மேல குழந்தை படம் கூடாது. அடுத்த தடவை மருந்துக் கடையில பார்த்தா கவனிங்க.

இங்கே ஒரு சுவாரசியமான ஒட்டு உறவு. இதே உலக சுகாதாரப் பேரவை 1961-ல டெல்லியில கூடினப்போ தலைமை தாங்கினவர் நம்ம டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். எழும்பூர் பெண்கள் மருத்துவமனையின் கண்காணிப்பாளர், தலைமுறை தலைமுறையா மாணவர்கள் படிச்ச மகப்பேறு பாடநூலை எழுதினவர், 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவரே இரட்டைப் பிள்ளைகள்ல ஒருத்தர்! 1887 அக்டோபர் 14, கர்நூல்ல பிறந்தாங்க. கூடப் பிறந்தவர் சர் ராமசாமி முதலியார். ரெண்டு பேரும் எண்பத்தஞ்சு வயசைத் தாண்டி வாழ்ந்தாங்க.

குறையறது எது?

இதுவரைக்கும் படிச்சுட்டு "அப்ப டப்பாப் பால் கொடுக்கிற இரட்டைப் பிள்ளைத் தாயெல்லாம் தப்பு பண்றாங்களா?"ன்னு கேட்டா, இல்லவே இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை ஏத்திவிடறதும் இன்னொரு கொடுமை.

ஒரு கணக்கு போடுவோம். பச்சைக் குழந்தை ஒரு நாளைக்கு 8லேர்ந்து 12 தடவை குடிக்கும். பத்துன்னு வெச்சுப்போம். ஒரு தடவைக்கு 25 நிமிஷம். ரெண்டு பிள்ளைக்கு ஒண்ணு விட்டு ஒண்ணா கொடுத்தா 500 நிமிஷம், எட்டு மணி நேரத்துக்கு மேல! நம்ம ஆபீஸ் ஷிஃப்ட்டு, லீவே இல்லாம. இதுல ஏப்பம் எடுக்கிறது, துணி மாத்துறது, தூங்க வைக்கிறது சேர்க்கலை. ரெண்டையும் ஒரே நேரத்துல, ஆளுக்கொரு பக்கம், ரெண்டு கக்கத்துலயும் தலையணை மேல படுக்க வெச்சுக் கொடுத்தா பாதியா குறையும். ஆனா தையல் வலியோட உக்கார்ந்திருக்கிற ஒருத்திகிட்ட ரெண்டு குழந்தையையும் சரியா எடுத்து வைக்க இன்னொரு ஆள் வேணும்.

இரட்டையர்ல பாதிக்கு மேல குறைமாசத்துல பிறக்கிறவங்க. சப்பத் தெம்பு இருக்காது. அப்ப பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில புகட்டணும். (நம்ம பாலாடை சாதாரணப் பொருள் இல்லைங்க. இந்தியக் குழந்தை மருத்துவ நூல்கள்ல அதே தமிழ்ப் பேரோட இருக்கு.) பீய்ச்ச ஒரு நேரம், புகட்ட ஒரு நேரம், கழுவ ஒரு நேரம்.

1934-ல கனடாவுல டியோன் சகோதரிகள்னு ஒரே பிரசவத்துல அஞ்சு பெண்கள் பிறந்தாங்க. டொரண்டோ, சிகாகோ தாய்மார்கள் பீய்ச்சிக் கொடுத்த பால் ரயில்ல வந்து அவங்களைப் பிழைக்க வெச்சது. 1989-ல மும்பை சயான் மருத்துவமனையில ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி வந்தது. 2010கள்ல எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உள்படத் தமிழக அரசு மருத்துவமனைகள்லயும் வந்தாச்சு. பழைய கூட்டுக் குடும்பத்துல சித்தியோ பெரியம்மாவோ அழுகிற பிள்ளையை எடுத்துத் தன் மார்புல போட்டுக்குவாங்களே, அதோட நவீன வடிவம்தான் இது.

ஆனா சட்டம் மட்டும் இன்னும் எண்ணக் கத்துக்கலை. மகப்பேறு சட்டம், குழந்தைக்கு 15 மாசம் ஆகிற வரைக்கும் வேலைக்கு நடுவுல பால் கொடுக்க ஒரு நாளைக்கு ரெண்டு இடைவேளை தருது. 2017 திருத்தத்துல விடுப்பு 26 வாரம் ஆச்சு. நல்ல விஷயம். ஆனா ஒண்ணு பெத்தாலும் 26 வாரம், ரெண்டு பெத்தாலும் 26 வாரம். ரெண்டு பெத்தாலும் அதே ரெண்டு இடைவேளை. திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில மெஷின் ஓட்டுற அக்காவுக்கும் அதான், ஐ.டி. கம்பெனி அக்காவுக்கும் அதான். அப்பாவுக்குத் தனியார் வேலையில சட்டப்படி ஒரு நாள் கூட இல்லை.

ஆக, வரலாறு முழுக்கப் புரட்டினா எனக்குப் புரியறது ஒண்ணுதான். பெரும்பாலான இரட்டைப் பிள்ளை வீட்டுல பால் குறைவு இல்லை, கை குறைவு. கை குறைஞ்சா தூக்கம் குறையும், சப்புற நேரம் குறையும், அப்புறம்தான் பால் குறையும். நாம கடைசியில நடக்கிறதைப் பார்த்துட்டு அதையே காரணம்னு சொல்லிட்டிருக்கோம்.

அதனால இரட்டைப் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போறப்போ "பால் பத்துதாம்மா?"ன்னு கேக்காதீங்க. கையைக் கழுவிட்டு ஒரு குழந்தையை வாங்கித் தோள்ல போட்டுக்கோங்க. ஆம்பளைங்களும்தான். அந்தம்மா ஒரு மணி நேரம் தூங்கட்டும். சுறாப் புட்டு கொண்டு போனா இன்னும் விசேஷம்!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. குழந்தை எடை ஏறலை, மூத்திரம் சரியா போகலை, எழுப்பினாலும் குடிக்க மாட்டேங்குதுன்னா பதிவு படிச்சுட்டு உக்காந்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.