ஆசரிப்புக்கூடாரம்: கிறிஸ்தவக் குறியீட்டு மரபும் சிவகங்கைச் சீமையும்

ஆசரிப்புக்கூடாரம் என்பது, எகிப்தை விட்டு வெளியேறிய இஸ்ரவேலர் பாலைநிலப் பயணத்தில் கழற்றிச் சுமந்து, தங்கிய இடந்தோறும் மீண்டும் நிறுத்திய வழிபாட்டுக் கூடாரம். சீர்திருத்த சபையார் வழங்கும் பெயர் இது. கத்தோலிக்கர் சந்திப்புக் கூடாரம் என்பர். யூதருக்கு இது முன்னோரின் வழிபாட்டு வரலாறு. கிறிஸ்தவர்களோ இயேசுவின் வாழ்வையும் சாவையும் முன்கூட்டிக் காட்டிய நிழலாக இதை வாசித்து வந்திருக்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, சருகணி, இடைக்காட்டூர் என விரியும் சிவகங்கை மாவட்டத்தில் இந்த வாசிப்பு இரண்டு விதமாக நிலைத்திருக்கிறது. கத்தோலிக்கர் கூடாரத்தைக் கோயிலுக்குள் ஒரு பொருளாக வைத்திருக்கிறார்கள். சீர்திருத்த, பெந்தெகொஸ்தே சபையார் அதைப் பிரசங்கமாக வைத்திருக்கிறார்கள்.

அமைப்பு

கூடாரத்தின் விவரம் யாத்திராகமத்தில் (விடுதலைப் பயணம்) 25ஆம் அதிகாரத்தில் தொடங்கி, நடுவே பொன் கன்றுக்குட்டிக் கதையால் தடைப்பட்டு, 40ஆம் அதிகாரம் வரை செல்கிறது. முதலில் கட்டளை, பிறகு அதே சொற்களில் செய்து முடித்த கணக்கு. முதன்முறை படிப்பவர் பலர் இங்கேதான் களைத்துப்போகிறார்கள். அளவெல்லாம் முழத்தில். காரைக்குடிப் பூக்கடையில் மல்லிகை அளக்கிற அதே முழம்தான், சுமார் ஒன்றரை அடி.

பிராகாரம் நீளம் 100 முழம், அகலம் 50 முழம். சுற்றிலும் 5 முழ உயரத் தொங்குதிரை, கிழக்கே 20 முழ அகல வாசல். உள்ளே நுழைந்ததும் வெண்கலப் பலிபீடம், அடுத்து கை கால் கழுவும் வெண்கலத் தொட்டி. கூடாரத்தின் சுவர் 48 பலகைகள். ஒவ்வொன்றும் 10 முழ உயரம், ஒன்றரை முழ அகலம், பொன்தகடு போர்த்தது. மேலே நான்கு அடுக்கு மூடல்: கேருபீன் என்னும் சிறகுள்ள வானவர் உருவம் நெய்த திரைகள், வெள்ளாட்டு மயிர்க் கம்பளி, சிவப்புச் சாயமேற்றிய ஆட்டுக்கடாத் தோல், எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு தோல். அந்தக் கடைசித் தோல் எந்த விலங்கினுடையது என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மரம் சீத்திம் மரம். நம் ஊர் நாட்டுக் கருவேலத்தின் உறவினம். கண்மாய்களை இன்று நிறைத்திருக்கும் சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உள்ளே இரண்டு அறைகள். பரிசுத்த ஸ்தலத்தில் தெற்கே ஏழு கிளைக் குத்துவிளக்கு, வடக்கே 12 அப்பங்கள் அடுக்கிய மேசை, திரைக்கு முன்னால் தூபபீடம். திரைக்கு அப்பால் மகா பரிசுத்த ஸ்தலம். அங்கே உடன்படிக்கைப் பெட்டியும் அதன் மூடியான கிருபாசனமும். பிரதான ஆசாரியர் ஒருவர் மட்டும், பாவநிவிர்த்தி நாளில், ஆண்டுக்கு ஒருமுறை நுழைவார். வேலையை நடத்தியவர்கள் பெசலெயேல், அகோலியாப் என்ற இருவர். செலவுக் கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது: பொன் 29 தாலந்து 730 சேக்கல், வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். வெள்ளி முழுவதும் தலைக்கு அரைச் சேக்கல் வீதம் 6,03,550 ஆண்கள் கொடுத்தது. 3,000 சேக்கல் ஒரு தாலந்து என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால் கணக்கு பிசகாமல் வருகிறது.

இப்படியொரு கூடாரம் உண்மையில் இருந்ததா என்ற விவாதம் உண்டு. 1878இல் ஜெர்மானிய அறிஞர் வெல்ஹவுசன், எருசலேம் ஆலயத்தைப் பார்த்துப் பிற்காலக் குருக்கள் பின்னோக்கி வரைந்த சித்திரம் இது என்றார். மறுத்தவர்கள் எகிப்தைக் காட்டினார்கள். காதேஷ் போரைச் சித்திரிக்கும் புடைப்புச் சிற்பங்களில், பாசறையின் நடுவே இரண்டாம் ராம்சேசின் கூடாரம் இருக்கிறது. ஆசரிப்புக்கூடாரத்தைப் போலவே அதிலும் நீள் முன்னறை, உள்ளே அரசனின் அறை, அவன் பெயரின் இருபுறமும் சிறகு விரித்த உருவங்கள். விவாதம் முடியவில்லை.

நிழலும் பொருளும்

யாத்திராகமம் எந்தத் திரைக்கும் எந்த வண்ணத்துக்கும் பொருள் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கியவர்கள் யூதர்களே. முதல் நூற்றாண்டில் பிலோவும் யோசேபசும் கூடாரத்தைப் பிரபஞ்சமாக வாசித்தார்கள்: நான்கு நிற நூல் நான்கு பூதங்கள், ஏழு விளக்கு ஏழு கோள்கள். யோசேபசுக்கு 12 அப்பம் 12 மாதம்.

கிறிஸ்தவ வாசிப்பின் அடித்தளம் எபிரேயருக்கு எழுதின நிருபம், 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்கள். பூமியிலுள்ள கூடாரம் பரலோகத்தில் உள்ளதன் சாயல். ஆண்டுதோறும் நுழைந்த ஆசாரியருக்குப் பதிலாக இயேசு ஒரேதரம் தம் இரத்தத்தோடு நுழைந்தார். திரை என்பது அவருடைய மாம்சம். சிலுவைச் சாவின்போது தேவாலயத் திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்ற மத்தேயுவின் செய்தியும் இதோடு சேர்ந்துகொண்டது.

பின்வந்தவர்களில் ஓரிகனும் நிசாவின் கிரகோரியும் கூடாரத்தை ஆன்மாவின் பயணமாக்கினார்கள். இங்கிலாந்துத் துறவி பீட், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கூடாரத்துக்கென்றே தனி நூல் எழுதினார். ஆனால் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டியவர் காஸ்மாஸ். 6ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா வணிகர். பிறகு துறவியானவர் என்பார்கள். உலகம் உருண்டை என்பதை மறுத்து, பிரபஞ்சமே ஆசரிப்புக்கூடார வடிவில் கட்டப்பட்டது என்று அவர் வாதிட்டார். அப்பமேசை பூமி, அதன் விளிம்பு வேலைப்பாடு சூழ்ந்த கடல், நடுத்திரை வானத்தட்டு. வானியலில் இத்தனை தவறிய அதே நூலில்தான் இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபை, மிளகு விளையும் மலபாரில் கிறிஸ்தவர்கள் என்ற செய்திகள் உள்ளன. அவர் குறிப்பிடும் 'காபெர்' துறைமுகம் காவிரிப்பூம்பட்டினம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கூடார விளக்கம் பயனற்றுப் போயிற்று. இடையிடையே சொன்ன துறைமுகச் செய்திகளுக்காக அவரை இன்றும் படிக்கிறார்கள்.

கீழைச் சபைகள் கூடாரத்தைக் கட்டடத்திலேயே வைத்துக்கொண்டன. எத்தியோப்பியாவில் ஒவ்வொரு கோயிலிலும் உடன்படிக்கைப் பெட்டிக்குள் இருந்த கட்டளைப் பலகைகளை நினைவூட்டும் 'தாபோத்' உண்டு. கேரளத்துச் சிரியன் கோயில்களில் பீடத்துக்கு முன் திரை தொங்கும். வழிபாட்டின் நடுவே விலகும், மூடும்.

சிவகங்கைச் சீமையில்

சிவகங்கை அடங்கிய மறவர் நாட்டில் கிறிஸ்தவம் வேரூன்றியது இயேசு சபையாரின் மதுரை மிஷன் வழியாக. அந்த மிஷனின் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு மாண்டார். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதால் அறுந்த பணியை, 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் துறவிகள் மீண்டும் தொடங்கினார்கள். மானாமதுரை வட்டாரத்து இடைக்காட்டூரில் 1894இல் எழுந்த திரு இருதய ஆலயம் அவர்களது கட்டடங்களில் பெயர்பெற்றது. பெர்தினாந்து செல் அடிகள் பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு கோதிக் பாணியில் எழுப்பியது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்கான சிவகங்கை மறைமாவட்டம் 1987இல் மதுரையிலிருந்து பிரிந்தது.

இக்கோயில்களில் கூடாரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. வாசலில் தீர்த்தத் தொட்டி, உள்ளே பீடம், பீடப் பகுதியில் பூட்டிய ஒரு சிறு பெட்டி, அருகே அணையாத விளக்கு. அந்தப் பெட்டிதான் நற்கருணைப் பேழை. பல ஐரோப்பிய மொழிகளில் அதற்கும் மோசேயின் கூடாரத்துக்கும் ஒரே பெயர். பேழை அசையாததாக, உள்ளிருப்பது தெரியாத உறுதியான பொருளால் செய்யப்பட்டுப் பூட்டியிருக்க வேண்டும், முன்னால் விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். உடன்படிக்கைப் பெட்டிக்குள் மன்னா வைத்த பொற்கலசம் இருந்தது என்கிறது எபிரேயர் நிருபம். இங்கே அந்த இடத்தில் நற்கருணை அப்பம். இக்குறியீடு ஆண்டில் ஒருநாள் கண்கூடாகத் தெரியும்: பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்கு முன்பே பேழை காலியாகிவிடும், பெரிய வெள்ளியன்று அதன் கதவு திறந்தே கிடக்கும், விளக்கு இராது. தெண்டனிட்டுப் பழகியவர்கள் அன்று பழக்கத்தில் முழங்காலை மடக்கப்போய், காலிப் பெட்டியைப் பார்த்து நிமிர்வதுண்டு.

மாதா மன்றாட்டுமாலையிலும் கூடாரம் உண்டு. 1587இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஏற்பளித்த லொரேத்தோ மன்றாட்டு, மரியாவை உடன்படிக்கைப் பேழை என்று அழைக்கிறது. இறைவார்த்தையைச் சுமந்த பெட்டி, இறைமகனைச் சுமந்த தாய் என்ற ஒப்பு.

சீர்திருத்த சபையின் வழி புத்தக வழி. தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்க் பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719இல் இறந்தார், பின்வந்த சூல்ட்சே முடித்தார். 1728இல் முழு வேதாகமமும் தரங்கம்பாடியில் தமிழில் அச்சேறி முடிந்தது. கூடாரத்தின் ஒவ்வொரு கொக்கியும் தமிழில் படிக்கக் கிடைத்தது இந்தப் பதிப்பால்தான். சிவகங்கைப் பகுதிக்கு 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் வந்தது. திருப்புவனத்திலும் மானாமதுரையிலும் அதன் நிலையங்கள் இருந்தன. 1947இல் அது தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது.

ஆனால் இன்று உபவாசக் கூட்டத்திலும் கன்வென்ஷனிலும் கேட்கிற கூடார விளக்கம், அந்த மிஷனைவிடப் பிரதரன் சபையாருக்கே அதிகம் கடன்பட்டது. 1851இல் ஹென்றி சோல்டாவ் வெளியிட்ட நூல் போன்றவை பலகை, பாதம், தாழ்ப்பாள் அனைத்துக்கும் பொருள் சொல்லின. அதே இயக்கத்து நோரிஸ் குரோவ்ஸிடம் பயின்ற திருநெல்வேலிக்காரர் அருளப்பன் (1810–1867), தென்தமிழகக் கிராமங்களில் தற்சார்புச் சபைகளைக் கட்டினார். இன்றைய கூட்டங்களில் பிரசங்கியார் துணியில் தீட்டிய கூடாரப் படத்தை விரித்து, குச்சியால் கிழக்கு வாசலில் தொடங்குவார். வாசல் இயேசு, பலிபீடம் சிலுவை, தொட்டி சுத்திகரிப்பு, தூபம் ஜெபம். பொன் தெய்வத்தன்மை, மரம் மனிதத்தன்மை, இளநீலம் வானம், வெள்ளி மீட்பு. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகள் இதையே அட்டையிலும் தங்கக் காகிதத்திலும் செய்கிறார்கள்.

இந்த அடையாளங்கள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. வெள்ளிக்கு மீட்பு என்ற பொருள் பொருந்தும்; அரைச் சேக்கல் உயிருக்கான மீட்புப்பணம் என்று மூலமே சொல்கிறது. தூபத்துக்கும் ஜெபத்துக்கும் உள்ள உறவு சங்கீதத்திலும் வெளிப்படுத்தலிலும் உண்டு. திரைக்கு எபிரேயர் நிருபமே சாட்சி. இளநீலத்துக்கு அப்படி எதுவுமில்லை. அது பிரசங்கியாரின் கற்பனை, அழகான கற்பனை. கூடாரம் முழுவதையும் அறிந்திருந்த எபிரேயர் நிருப ஆசிரியரே கேருபீன்கள் வரை சொல்லிவிட்டு, இவற்றை விவரமாகப் பேச இப்போது இடமில்லை என்று 9ஆம் அதிகாரம் 5ஆம் வசனத்தில் நிறுத்திக்கொண்டார். பின்வந்த உரைகாரர்களில் அந்த அடக்கம் காட்டியவர்கள் குறைவு.

இப்பொருளைப் படிக்க விரும்புபவர் விளக்கப் படங்களிலிருந்து தொடங்க வேண்டாம். யாத்திராகமம் 25 முதல் 30, லேவியராகமம் 16, எபிரேயர் 8 முதல் 10 ஆகிய பகுதிகளை இந்த வரிசையில் படித்துவிட்டு, பிறகு உரைகளுக்குப் போவது நல்லது.